தடைக்காலத்தில் அரிசி மூட்டையோடு வரும் வழிபாட்டுக் குழு குறித்து ஓர் எச்சரிக்கை

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மீன்பிடித் தடைக்காலத்தில் வீடுவீடாக அரிசியும் மளிகையும் கொடுத்து, பிறகு மாலைக் கூட்டத்துக்கு அழைக்கும் ஒரு வழிபாட்டுக் குழுவிடம் என் தங்கை குடும்பம் நகைகளையும் உடல்நலத்தையும் பறிகொடுத்துவிட்டு இப்போதுதான் மீண்டிருக்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் குழுவின் பெயரை எழுதவில்லை. அவர்கள் ஊருக்கு ஊர் பெயரை மாற்றிக்கொள்வதால், நடைமுறையைத் தெரிந்துவைத்திருப்பதே உதவும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. தங்கையின் கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வீட்டில் வருமானம் நின்றிருப்பதை அறிந்தே வந்தார்கள். தொடக்கத்தில் அன்பைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. பிறகு, மனச்சுமையை இறக்கிவைக்கலாம் என்று சொல்லி, கணவனையும் மனைவியையும் தனித்தனியே உட்காரவைத்து, அதுவரை யாரிடமும் சொல்லாதவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாங்கினார்கள். அடுத்து, கூட்டத்துக்கு வராத உறவினர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்றார்கள். தங்கை மகளின் சடங்குக்குத் தாய்மாமன் என்ற முறையில் நான் கொண்டுபோன சீர்வரிசை வாசலிலிருந்தே திரும்பியது.

நகைகள் சமர்ப்பணமாகப் போயின. மகளிர் குழுவில் தங்கை பெயரில் வாங்கிய கடனும் அவ்வாறே போனது. ரசீது கேட்டபோது, சந்தேகப்படுவது பாவம் என்று பதில் வந்தது. தங்கை சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை விழுங்குவது நம்பிக்கைக் குறைவு என்று நிறுத்தச் சொன்னார்கள். அவள் மயங்கி விழுந்து அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகே குடும்பம் விலகத் துணிந்தது. அப்போது இரண்டு மிரட்டல்கள் வந்தன. நோட்டில் உள்ளதை ஊரறியப் படிப்போம் என்பது ஒன்று; கூட்டத்தை விட்டுப் போனவர் கடலிலிருந்து திரும்ப மாட்டார் என்பது மற்றொன்று. கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டில் இரண்டாவது சொல் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புதிய மதம் என்பதாலோ சிறிய கூட்டம் என்பதாலோ நான் இவர்களைக் குறை சொல்லவில்லை. 1693இல் ஓரியூரில் வெட்டுண்ட கிறித்தவத் துறவி அருளானந்தர் அன்றைய ஆட்சியின் கண்ணுக்கு ஆபத்தான புது மதத்தைப் பரப்பியவர். இன்று அங்குள்ள செம்மண்ணைப் புனிதமாகக் கருதி எல்லா மதத்தவரும் எடுத்துப் போகிறார்கள். பதிவுச் சான்றிதழும் உரைகல் ஆகாது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சு வாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ, ஜப்பானில் மத அமைப்பாகச் சட்டப்படி ஏற்கப்பட்டிருந்தது. 1978இல் கயானாவில் 900க்கும் மேற்பட்டோர் மாண்ட ஜோன்ஸ்டவுன் கூட்டத்தின் தலைவர் நடத்திய சபையும் அமெரிக்காவின் பழைய கிறித்தவத் திருச்சபை ஒன்றில் உறுப்பாக இருந்ததுதான்.

இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களில் நீராடியவர் அடுத்த ஆண்டு வராவிட்டால் யாரும் தேடி வந்து மிரட்டுவதில்லை. ஏர்வாடி தர்காவில் பாத்திஹா ஓதியவரிடம் குடும்பத்தை விட்டு வா என்று எவரும் கேட்பதில்லை. கோயில் கணக்கை அறநிலையத் துறையும் தர்கா சொத்தை வக்பு வாரியமும் கேட்க முடியும். குறைகள் அங்கும் உண்டு, ஆனால் கேள்வி கேட்பவர் பாவி ஆவதில்லை. ஏற்கப்பட்ட வழிபாட்டிடத்தின் நிழலிலும் கொடுமை நிகழலாம்: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் வெளியேற முடியாமல் 28 பேர் இறந்தார்கள். ஆகவே எந்தக் கூட்டமானாலும், போக நினைப்பவர் போக முடிகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் மத உரிமை, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் உடல்நலத்துக்கும் உட்பட்டது. மிரட்டிப் பணம் பறிப்பது வழிபாடு அல்ல, குற்றம். காவல் நிலையத்தில் எங்களுக்கு உதவியவை அடகு ரசீதும், கடன் புத்தகமும், மருத்துவமனைச் சீட்டும், அழித்துவிடாமல் வைத்திருந்த குரல் பதிவுகளும்தான். உங்கள் வீட்டில் யாரேனும் அந்த நோட்டில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், எழுதியது என்னவென்று அவர்களைக் குடையாமல், அதற்காக உறவை அறுக்க மாட்டோம் என்று உடனே சொல்லிவிடுங்கள். என் தங்கை எங்களிடம் வரத் தயங்கியதற்கு அந்தப் பயமே காரணம்.