மும்பை டு மாதா நோ மட், நாராயண் சரோவர், கோட்டேஷ்வர் கோயில் டூர்: சாப்பாடு சூப்பர், ப்ளான் சொதப்பல், 3 ஸ்டார்

மூணு ஸ்டார் குடுக்குறேன். அதுல ரெண்டரை சமையல்காரருக்கும் வண்டி ஓட்டினவருக்கும், மிச்சம் அரை தான் டூர் கம்பெனிக்காரங்க போட்ட ப்ளானுக்கு.

நல்லத முதல்ல சொல்லிடறேன். வயசானவங்கள கூட்டிக்கிட்டு குஜராத்ல கட்ச் பக்கம் போறதுன்னா நம்ம ஆளுங்களுக்கு முதல் கவலை சாப்பாடு, அடுத்தது பாத்ரூம், சாமி எல்லாம் அதுக்கப்புறம் தான், இத இவங்க நல்லா புரிஞ்சு வச்சிருக்காங்க. தாதர்ல மத்தியானம் சயாஜிநகரி எக்ஸ்பிரஸ் ஏறினதுல இருந்தே கவனிப்பு ஆரம்பம், ராத்திரி புளியோதரை தயிர்சாதம் வடுமாங்கா, விடிகாலை புஜ்ல இறங்கி ஹோட்டல் போனா டிக்காஷன் இறங்கிட்டு இருக்கு. என் மாமியார் காபிய குறை சொல்லாம குடிச்சாங்க, இதுக்கு மேல சர்டிஃபிகேட் வேணுமா? ரூமும் சுத்தம், லிஃப்ட் இருக்கு, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு.

இப்போ ப்ளான். முதல் நாள் முழுக்க வெள்ளை ரண்ங்கற உப்பு பாலைவனம், பக்கத்துல தோர்டோ கிராமம், ஷால் கடை, பை கடை, திரும்ப ஷால் கடை. சரி, உப்பு வெளி பாக்க அழகு தான், யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா கோயில் டூர்னு பேரு வச்சுட்டு மூணு முக்கியமான கோயிலையும் ரெண்டாவது நாள் ஒண்ணுலயே திணிச்சு வச்சிருக்காங்க. புஜ்ல இருந்து மாதா நோ மட் கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர், நாராயண் சரோவர் 150 கிட்ட, போயிட்டு அன்னைக்கு ராத்திரியே புஜ் திரும்பணுமாம். அப்போ எத்தனை மணிக்கு கிளம்பணும்? அஞ்சு மணிக்கு. இவங்க கிளம்பினது ஒன்பதரைக்கு, ஏன்னா இட்லி சூடா குடுக்கணும்.

ஆனா அந்த ரோடு இருக்கே, அதுக்காகவே போகலாம். நகத்ராணா தாண்டினதும் ஊரே குறைஞ்சு போயிடுது, ரெண்டு பக்கமும் பொட்டல், நடுநடுல சீமைக்கருவேலம், ராம்நாட்டுக்காரங்க யாராவது வண்டில இருந்தா சொந்த ஊர் வந்துடுச்சுன்னு நினைப்பாங்க. எதிர்ல வர்ற லாரில எல்லாம் பழுப்பு நிலக்கரி, நெய்வேலில எடுக்குற அதே லிக்னைட், இங்க மாதா நோ மட்ல சுரங்கம் இருக்கு. இன்னொரு விஷயம், மாதா நோ மட் மண்ணுல ஜாரோசைட்னு ஒரு கனிமம் இருக்காம், அது செவ்வாய் கிரகத்துலயும் இருக்குறதால விஞ்ஞானிங்க இங்க வந்து மண்ணை ஆராய்ச்சி பண்றாங்க. இதெல்லாம் நான் முன்னாடியே படிச்சு வச்சுட்டு போனது, டூர் மேனேஜர் மைக்ல அந்தாக்ஷரி நடத்திட்டு இருந்தார்.

விஷயம் தெரிஞ்சவர் டிரைவர் தான். அந்த ஊர்க்காரர், நிதானமா ஓட்டினார், கேட்டா மட்டும் பேசுவார். எங்கம்மா முன் சீட்ல உக்காந்து உடைஞ்ச ஹிந்தில "பையா, இங்க நடந்து வருவாங்களாமே" னு கேக்க ஆரம்பிச்சாங்க, ஏன்னா முலுண்ட்ல எங்க பில்டிங்ல பாதி பேர் கட்ச்சி குடும்பம், நவராத்திரிக்கு முன்னாடி ஜெய் மாதாஜின்னு கொடி கட்டி சைக்கிள்ல மாதா நோ மட்டுக்கு கிளம்புற பசங்கள வருஷா வருஷம் பாத்திருக்கோம். அந்த சமயத்துல இந்த ரோடு முழுக்க சேவா கேம்ப் போட்டிருப்பாங்களாம், சாப்பாடு, மோர், கால் பிடிச்சு விட ஆளு, கொப்பளத்துக்கு மருந்து, எல்லாமே இலவசம், ஓடிப்போய் கையப் பிடிச்சு இழுத்து சாப்பிட வைப்பாங்களாம். நாங்க போனது டிசம்பர், ரோடு காலியா கெடந்துச்சு.

மாதா நோ மட்ல ஆசாபுரா மாதா. கட்ச்ச ஆண்ட ஜாடேஜா ராஜாக்களோட குலதெய்வம். நம்ம ஊர் அம்மன் சிலை மாதிரி எதிர்பாக்காதீங்க, ஆளுயர கல்லு, செவப்பு பூசி கண்ணு வச்சிருக்காங்க, பாத்ததும் உடம்பு ஒரு தடவ சிலிர்த்துச்சு. கதை என்னன்னா, ராஜஸ்தான் மார்வாட்ல இருந்து வந்த ஒரு வியாபாரி கிட்ட அம்மா கனவுல வந்து கோயில் கட்டு, ஆறு மாசம் கதவ திறக்காதன்னு சொல்ல, அவர் அஞ்சாவது மாசமே உள்ள பாட்டு சத்தம் கேட்டு திறந்துட்டாராம், அதனால கால் வரைக்கும் உருவம் முழுசா வரலையாம். 2001 பூகம்பத்துல இந்த கோயிலுக்கும் சேதம், அப்புறம் சரி பண்ணிட்டாங்க. இவ்வளவு பெரிய இடத்துக்கு மேனேஜர் குடுத்த டைம் இருபது நிமிஷம்! கோயில் போஜனசாலைல எல்லாருக்கும் சாப்பாடு போடறாங்க, நாங்க கொஞ்ச பேர் அங்க உக்காந்துட்டோம், வெளில இவர் "லெமன் ரைஸ் ரெடி, வண்டிக்கு வாங்கோ வாங்கோ" ன்னு கத்துறார். இவ்வளவு தூரம் வந்து அம்மா வீட்டு பிரசாதத்த விட்டுட்டு பஸ்ல பொட்டலம் பிரிக்கறதுல எனக்கு இஷ்டம் இல்ல.

லக்பத் கோட்டை ப்ரோஷர்ல இருந்துச்சு, நேர்ல டைம் இல்லன்னுட்டாங்க. 1819 பூகம்பத்துல நிலம் எழும்பி சிந்து நதியோட தண்ணி வேற பக்கம் போயிட, துறைமுகமே செத்துப்போன ஊரு அது, குருநானக் தங்கினதா சொல்ற குருத்வாராவும் அங்க தான். கூட்டிட்டு போகாததுக்கு பணம் திருப்பித் தருவாங்களான்னு கேட்டேன், மேனேஜர் சிரிச்சார்.

நாராயண் சரோவர், பஞ்ச சரோவர்னு சொல்ற அஞ்சு புனித ஏரில ஒண்ணு, மானசரோவர், பம்பா, பிந்து, புஷ்கர் வரிசைல வர்றது. வைஷ்ணவ ஆச்சாரியார் வல்லபாச்சாரியார் உக்காந்து உபதேசம் பண்ண இடம், பைடக்னு சொல்வாங்க, அங்க இருக்குறதால குஜராத்திக்காரங்க கூட்டம் வரும். கால் நனைச்சோம், கும்பிட்டோம், ஓடினோம்.

கோட்டேஷ்வர் அங்கிருந்து ரொம்ப பக்கம், ரோடு அங்கயே முடிஞ்சுடுது, அதுக்கப்புறம் கோரி க்ரீக்ங்கற கடல் கழியோட தண்ணி, எல்லைக்காவல் படை ஆளுங்க, அவ்வளவு தான். ராவணன் தவம் இருந்து வாங்கின லிங்கம் இங்க விழுந்து கோடி லிங்கமா ஆயிடுச்சாம், எது நிஜம்னு தெரியாம அவன் தப்பானத எடுத்துட்டு போயிட்டானாம். செம்பூர் மாமி ஒருத்தங்க விடல, "கோகர்ணத்துல பிள்ளையார் இல்ல கீழ வச்சார், இங்க எப்படி" ன்னு பூசாரி கிட்டயே கேட்டாங்க, அவருக்கு தமிழும் புரியல, மாமி ஹிந்தியும் புரியல. சூரியன் கடல்ல இறங்கறத பாக்கத்தான் எல்லாரும் கேமராவோட நிக்கறோம், டிசம்பர்லயும் ஆறு மணிக்கு மேல வெளிச்சம் இருக்கு, நாலரைக்கு ஹாரன் அடிச்சுட்டாங்க. கேட்டா புஜ்ல ரசம் ஆறிடுமாம்.

இவங்களுக்கு என்னோட ஐடியா, ஷால் கடைல பாதிய வெட்டிட்டு ஒரு ராத்திரி நாராயண் சரோவர்ல தங்க வைங்க. தர்மசாலா இருக்கு, ஹோட்டல் மாதிரி இருக்காது, முடியாதவங்க புஜ்லயே இருக்கட்டும். சமையல்காரர கூட்டிட்டு வாங்க, ஆனா அவர் கடிகாரத்துக்கு சாமிய ஓட விடாதீங்க.

முழங்கால் வலிக்காரங்கள வச்சுட்டு தனியா போக தைரியம் இல்லன்னா இவங்க கூட தாராளமா போகலாம். முன்பணம் கட்டும்போதே லக்பத் உண்டா இல்லையான்னு எழுதி வாங்கிக்கோங்க, கீழ் பர்த் கேளுங்க. பாகிஸ்தான் எல்லை பக்கம்ங்கறதால ஐடி கார்டு ஒரிஜினல் கைல இருக்கணும், கோட்டேஷ்வர்ல போனுக்கு சிக்னல நம்பாதீங்க. ஸ்வெட்டர் கண்டிப்பா, புஜ் காலை குளிருக்கு மும்பை ஷால் தாங்காது.