நாய்க்குட்டிக்கு மீன் சோறா, பாக்கெட் தீனியா? கடலோர வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று இராமநாதபுரம் கடலோரத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட நாய்க்குட்டியின் முன்னால் வைக்கப்படுவது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவே இருக்கிறது: பாலில் ஊறவைத்த பன், மீனும் சோறும் சேர்த்துப் பிசைந்த உருண்டை, அல்லது கடையில் விற்கும் பாக்கெட் தீனி. இரண்டு மாதம் நிறைந்த நாட்டுக்குட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது நாங்களும் இந்த மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தோம். வளரும் மாதங்கள் முழுவதும் பாக்கெட் தீனியே அடிப்படை உணவு, உப்பிடாமல் வேகவைத்த மீன் அதற்குச் சிறு துணை என்று முடிவு செய்தோம். மீன் இறங்கும் கரையில் குடியிருந்துகொண்டு தீனியைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று உறவினர்கள் கேட்டார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதில் சற்று நீளமானது.

பாலும் பன்னும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாய் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு; பசும்பாலிலோ குட்டியின் குடல் எளிதில் செரிக்க முடியாத பால் சர்க்கரை அதைவிடக் கூடுதல். பால் மறந்த குட்டிக்குப் பசும்பாலைக் கிண்ணம் நிறைய ஊற்றினால் வயிறு கழிவதற்கு அதுவே காரணமாகிறது. பன்னும் பிஸ்கட்டும் வெறும் மாவும் சர்க்கரையும்தான். ஆகவே உண்மையான போட்டி மீன் சோற்றுக்கும் பாக்கெட் தீனிக்கும் இடையேதான்.

மீன் சோற்றின் சிறப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. காரல், சூடை, சாளை போன்ற சிறு மீன்களின் புரதம் குட்டிக்கு நன்றாகச் செரிக்கும். சாளை போன்ற எண்ணெய் மிகுந்த மீன்களில் வைட்டமின் டி உண்டு. நாயின் தோல் மனிதத் தோலைப்போல வெயிலிலிருந்து அந்த வைட்டமினைப் போதிய அளவில் உண்டாக்கிக்கொள்வதில்லை என்பதால், உணவிலிருந்துதான் அது கிடைத்தாக வேண்டும். குட்டியைக் காலை வெயிலில் விட்டால் எலும்பு உறுதிப்படும் என்று நம்பியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேலும் ஈரப்பதம் மிகுந்த உணவு என்பதால் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குட்டிக்கும் அது ஒத்துவரும்.

ஆனால் மீன் சோறு என்று பேச்சில் சொல்லப்படுவது நடைமுறையில் பல பொருளாகிறது. வீட்டில் மிஞ்சிய மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைவது குட்டிக்கு ஆகாது. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. சாளை, நெத்திலி போன்ற மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால், அவற்றிலுள்ள ஒரு நொதி தயமின் என்னும் பி1 வைட்டமினை அழித்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். கருவாட்டின் உப்பு குட்டியின் உடல் தாங்கும் அளவன்று. வலையிலிருந்து கழித்துக் கரையில் போடப்படும் பேத்தை மீனின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது என்பதால், குட்டியைக் கரைக்கு அழைத்துச் செல்பவர்கள் அதன் வாயின் மீது கண்ணாகவே இருக்க வேண்டும். தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் சிக்கிக் கிடக்கும் மீன் தலைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இவையெல்லாம் கவனத்தால் தவிர்க்கக்கூடியவை. புதிய மீனைக் கழுவி, குழம்பு மசாலா எதுவும் சேராமல் வேகவைத்து, முள்ளை நீக்கிச் சோற்றோடு பிசைந்து கொடுக்கும் பொறுப்பான வீட்டையே எடுத்துக்கொள்வோம். அந்த வீட்டிலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அது சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம்.

கணக்கைச் சற்று விரித்துப் பார்க்கலாம். நான்கு மாதம் நிறையாத, 3 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 480 கிலோ கலோரி தேவை. வளரும் நாயின் உணவில் ஒவ்வொரு 1,000 கிலோ கலோரிக்கும் 3 கிராம் கால்சியமும் 2.5 கிராம் பாஸ்பரஸும் இருக்க வேண்டும் என்பது கால்நடை ஊட்டச்சத்துத் துறையில் ஏற்கப்பட்ட அளவு. அப்படியானால் இந்தக் குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.4 கிராம் கால்சியமும் 1.2 கிராம் பாஸ்பரஸும் போய்ச் சேர வேண்டும். 200 கிராம் சோறும் 220 கிராம் முள் நீக்கிய மீனும் கொடுத்தால் கலோரிக் கணக்கு சரியாகிவிடும்; குட்டியும் வயிறு நிறைந்து உறங்கும். ஆனால் அந்த உணவிலுள்ள கால்சியம் 200 மில்லிகிராமைத் தொடுவதே அரிது. அதாவது தேவையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. பாஸ்பரஸோ அந்தக் கால்சியத்தைவிடப் பல மடங்கு இருக்கும். இவ்விரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் சற்றே கூடுதலாக இருக்க வேண்டிய இடத்தில், விகிதம் தலைகீழாகிவிடுகிறது.

இதன் விளைவு உடனே வெளியில் தெரிவதில்லை என்பதுதான் கவலைக்குரியது. இதயமும் தசைகளும் இயங்குவதற்கு இரத்தத்தில் குறிப்பிட்ட அளவு கால்சியம் எப்போதும் இருந்தாக வேண்டும். உணவில் அது குறையும்போது, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. குட்டி கொழுகொழுவென்று, பளபளப்பான தோலோடு ஓடிக்கொண்டிருக்கும். எலும்பு மட்டும் உள்ளே மெலிந்துகொண்டிருக்கும். முன்னங்கால் வளைவதும், நடக்கத் தயங்குவதும், திண்ணையிலிருந்து குதித்ததற்கே கால் முறிவதும் அதற்குப் பிந்திய கட்டம். நன்றாகச் சாப்பிடுகிறது, எடை ஏறுகிறது என்பதை மட்டும் வைத்து உணவு சரியாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஆகவே கால்சியம் குறை தீரும். ஆனால் ஓட்டில் பாஸ்பரஸ் அநேகமாக இல்லை. மேலே சொன்ன மீன் சோற்றில் பாஸ்பரஸும் தேவையில் பாதிக்கும் குறைவாகவே இருப்பதால், ஓட்டுப்பொடி ஒன்றைச் சரிசெய்து மற்றொன்றைக் குறையாகவே விட்டுவிடுகிறது. விகிதம் மறுபக்கம் சாய்கிறது. இதைவிடச் சிறந்த வழி, காரல் போன்ற சிறு மீன்களைக் குக்கரில் நெடுநேரம் வேகவைத்து, முள் விரலால் நசுங்கும் பதம் வந்தபின் அப்படியே மசித்துக் கொடுப்பது. முள்ளில் இரண்டு சத்தும் சேர்ந்தே இருக்கின்றன. எனக்கு மீன் சோற்றில் பிடித்த முறை இதுதான். எனினும் இன்றைய சட்டியில் எவ்வளவு முள் வெந்தது, நாளைய சட்டியில் எவ்வளவு இருக்கும் என்பதை யாராலும் அளந்து சொல்ல முடியாது. செம்பு, துத்தநாகம், வைட்டமின் ஈ போன்றவற்றின் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

மீன் வரத்தும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன் உண்டுதான். ஆனால் விலை ஏறிவிடும், குட்டிக்கென்று ஒதுக்கும் மலிவான சிறு மீன் எளிதில் கிடைக்காது. தடைக்காலம் குட்டி வேகமாக வளரும் மாதங்களிலேயே வந்துவிடும் என்பதை, மார்ச் மாதத்தில் குட்டி வாங்குபவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். அந்த நாட்களில் பல வீடுகளில் குட்டியின் கிண்ணத்தில் சோறு மட்டுமே எஞ்சுகிறது.

பாக்கெட் தீனியை நான் பரிந்துரைப்பதற்கு இந்தக் கணக்கே காரணம், வசதி அடுத்ததுதான். வளரும் குட்டிக்கானது, முழுமையானது, சமச்சீரானது என்று உறையில் தெளிவாக அச்சிட்டிருக்கும் தீனியில் ஒவ்வொரு உருண்டையிலும் அந்த விகிதம் ஒன்றுபோல இருக்கும். வளர்ந்த நாய்க்கான தீனி இதற்கு மாற்று ஆகாது. அதில் புரதமும் கால்சியமும் குறைவு. 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோ கலோரி வரை இருப்பதால், நாம் பேசிய 3 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு 120 முதல் 135 கிராம் வரை போதும். மாதத்துக்கு 4 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். எடை கூடக்கூட அளவும் மாறும் என்பதால், உறையின் பின்புறமுள்ள அட்டவணையைத் தொடக்கமாகக் கொண்டு, விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா, மேலிருந்து பார்க்கையில் இடுப்பு சுருங்கித் தெரிகிறதா என்று பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். வயிறு மட்டும் பானைபோல உப்பியிருந்தால் அது செழிப்பு அன்று, பெரும்பாலும் குடற்புழு. கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சமச்சீரான தீனி தின்னும் குட்டிக்குக் கால்சியம் டானிக்கைத் தனியாக ஊற்றக் கூடாது. மிகையாக வரும் கால்சியத்தை வேண்டாமென்று ஒதுக்கும் ஆற்றல் இளங்குட்டியின் குடலுக்கு முழுமையாக வந்திருப்பதில்லை. குறைவு எலும்பைக் கெடுப்பதுபோலவே மிகுதியும் கெடுக்கும், குறிப்பாகப் பெரிய உடல்வாகு கொண்ட இனங்களில்.

பாக்கெட் தீனிக்கும் கடலோரத்தில் தனிச் சிரமங்கள் உண்டு. உப்புக் காற்றின் ஈரத்தில் பிரித்த பை விரைவில் நமத்துப்போகும், கொழுப்பு சிக்கடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். மலிவு என்று பெரிய மூட்டையாக வாங்குவதைவிட, ஒரு மாதத்துக்குள் தீரும் பையை வாங்கி, உறையோடு இறுக மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. மூட்டையைப் பிரித்து எடைபோட்டு விற்கும் தீனியை நான் வாங்குவதில்லை. என்று தயாரானது, யாருக்கானது என்பதற்கு அதில் எந்தச் சான்றும் இல்லை. மற்றொன்று தண்ணீர். தீனியில் ஈரம் பத்தில் ஒரு பங்கு மட்டுமே என்பதால் குட்டி நிறையக் குடித்தாக வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில், நாம் குடத்துக்கு விலை கொடுத்து வாங்கும் குடிநீரிலிருந்தே குட்டிக்கும் ஊற்ற வேண்டும்.

எத்தனை வேளை என்பதிலும் இரு முறைகளும் வேறுபடுகின்றன. மீன் சோறு வீட்டுச் சமையலின் நேரத்தைப் பின்பற்றுகிறது: படகு வந்து, மீன் வாங்கி, உலை இறக்கி, நடுப்பகலில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை. சிறிய வயிறு அந்த இடைவெளியைத் தாங்காது. மிகச் சிறிய குட்டிகளுக்கு இரத்தச் சர்க்கரை இறங்கி நடுக்கமும் தளர்ச்சியும் வரலாம். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை என்பதே பொருத்தமானது. காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு, இரவு ஒன்பது என்று நாங்கள் பகுத்துக்கொண்டோம். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுவோம். ஊறிய தீனியை நாள் முழுவதும் கிண்ணத்தில் விட்டுவைப்பது இந்த வெக்கையில் எறும்புக்கும் ஈக்கும்தான் உணவாகும்.

மீனை நாங்கள் முற்றிலும் விலக்கிவிடவில்லை. நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், அதாவது 3 கிலோ குட்டிக்கு 40 முதல் 50 கிராம் வரை, வேகவைத்து முள் நீக்கிய மீனை ஒரு வேளைத் தீனியோடு கலக்கிறோம். அந்த அளவு வரை விகிதம் பெரிதாகக் குலைவதில்லை. மணமும் குட்டியை ஆவலோடு தின்ன வைக்கிறது. வேறு உணவில் பழகி வந்த குட்டியை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் முழுவதும் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

நான் சொல்வது நடுத்தர உடல்வாகுள்ள நாட்டுக்குட்டி ஒன்றை வளர்க்கும் அனுபவத்தோடு நிற்கிறது. ராஜபாளையம் போன்ற உயரமான இனங்களுக்கு, பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாராகும் தீனியையும், அளவு குறித்துக் கால்நடை மருத்துவரின் சொல்லையும் நம்புவதே சரி. ஒரு மாதம் நிறையாமல் தாயை இழந்த குட்டிக்கு இங்கே பேசிய எதுவுமே பொருந்தாது. அதற்குக் குட்டிகளுக்கான பால்மாவுதான் வேண்டும். தீனி வாங்க வழியில்லாத வீடுகள், முள்ளோடு குக்கரில் வேகவைத்த சிறு மீனும் சோறும் முட்டையும் கொடுக்கலாம். வேறென்ன சேர்க்க வேண்டும் என்பதை அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில், குட்டியையே நேரில் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் குட்டிக்கு ஒரு வயது நிறைந்து எலும்பு வளர்ச்சி முடிந்தபின், மருத்துவரிடம் கேட்டு மீன் சோற்றின் பங்கைக் கூட்டுவதாக இருக்கிறோம். வளர்ந்த நாய்க்கு அதே கலோரிக்குத் தேவைப்படும் கால்சியம், குட்டிக்குத் தேவைப்படுவதில் பாதிக்கும் குறைவு.