ஆசிட் கலக்கும் கன்ட்ரோலர்: சில வருடம் ஓட்டிப் பார்த்ததில்

கெலமங்கலம் பக்கம் பாலிஹவுஸில் ரோஜா போட்டிருக்கிறோம். எங்கள் போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர், பி.எச். 8-ஐ ஒட்டி நிற்கும், ஆசிட் விட்டு 5.8-க்கு இறக்கித்தான் சொட்டுநீரில் விட வேண்டும். அதைத் தானாகச் செய்கிற கன்ட்ரோலரில் இது எங்களுக்கு இரண்டாவது மாடல்.

முதல் மாடலில் பி.எச். அளக்க ஒரே ஒரு சென்சார். ஒரு சமயம் வேர் நுனியெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது, ஸ்கிரீனைப் பார்த்தால் எந்நேரமும் 5.8. கை மீட்டரைச் சொட்டுக்குழாய்த் தண்ணீரில் வைத்தால் 4.6! சென்சாரின் கண்ணாடி முனையில் படிவு ஏறி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டியிருக்கிறது. கன்ட்ரோலர் பாவம், அந்தப் பொய் எண் 5.8-க்கு இறங்கும் வரை ஆசிட்டை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பி.எச். ஒரு புள்ளி இறங்கினாலே அமிலத்தன்மை 10 மடங்கு.

இதில் வம்பே அதுதான். சென்சார் மெதுவாகக் கெட்டால் ஸ்கிரீனில் தெரியவே தெரியாது, கன்ட்ரோலரே சரிக்கட்டி மறைத்துவிடும். காட்டிக்கொடுத்தது ஆசிட் கேன், வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிக்கொண்டிருந்தது.

இப்போதைய மாடலில் இரண்டு சென்சார். இரண்டும் வேறு வேறு சொன்னால் ஒன்று கெட்டது தெரியும், எது என்று தெரியாதே? அதற்கு 1000 லிட்டருக்கு வழக்கமாக எவ்வளவு ஆசிட் போகும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதோடு ஒத்துவராத சென்சாரை ஒதுக்கி, அலாரம் அடித்து, மற்றதை வைத்து ஓட்டும். இரண்டுமே போனால் அந்தக் கணக்குப்படியே ஆசிட் விடும். எண் கொஞ்சமும் அசையாமல் அப்படியே நின்றாலும் சந்தேகப்படும், நல்ல சென்சார் என்றால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஆசிட் வால்வு அடைத்தால் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கும், முழுக்கத் திறந்தும் பி.எச். இறங்கவில்லை என்றால் தண்ணீரையே நிறுத்திவிடும்.

குறை என்றால் பொய் அலாரம். நல்ல மழைக்கு அப்புறம் போர்வெல் தண்ணீர் மாறிவிடும், பழைய கணக்கு ஒத்துவராது. வரம்பை இறுக்கினால் ராத்திரியெல்லாம் போன் அடிக்கும், தளர்த்தினால் தாமதமாகத்தான் சொல்லும். சர்வீஸுக்கு வந்தவர் அலாரத்தையே ஆஃப் பண்ணிவிடலாம் என்றார், அதற்குப் பழைய மாடலே போதுமே! மழை முடிந்ததும் கணக்கைப் புதிதாகப் பதிய வைத்தால் அடங்கிவிடுகிறது.

வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: சென்சாரை ஒதுக்கி ஓட்டும்போது நமக்குச் சொல்லுமா, சத்தமில்லாமல் ஓட்டுமா? அப்புறம், எத்தனை சென்சார் இருந்தாலும் பி.எச். 4, 7 என்று உறுதியாகத் தெரிந்த பஃபர் கரைசலில் வைத்துச் சரிபார்க்கும் வேலை நம் தலையில்தான்.