டெர்பி ஹவுஸ்: நிலத்தடியில் நடந்த கடற்போர்

லிவர்பூலில் ரம்ஃபோர்டு வீதியில், டெர்பி ஹவுஸ் கட்டடத்தின் நிலவறையில் இருக்கும் வெஸ்டர்ன் அப்ரோச்சஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதும் என்று எண்ணிச் சென்ற நான் அரை நாள் அங்கேயே இருந்துவிட்டேன். இரண்டாம் உலகப் போரின்போது அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டனுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுவந்த கப்பல் தொடரணிகளின் பாதுகாப்பை, 1941 பிப்ரவரி முதல் இங்கிருந்துதான் நடத்தினார்கள்.

செயல்பாட்டு அறையின் சுவரை நிறைத்து நிற்கும் வரைபடமே முதலில் நம்மை நிறுத்துகிறது. உயரமான ஏணிகளில் ஏறி, செய்தி வரவரக் கப்பல்களின் இடத்தை அதில் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் இளம்பெண்கள். அவர்களில் பலர் 'ரென்கள்' என்று அழைக்கப்பட்ட அரச கடற்படை மகளிர் சேவையினர். 1944இல் அச்சேவையில் சுமார் 74,000 பேர் இருந்தனர். சேர்ந்த முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் தரை துடைப்பதிலும் அணிவகுப்பிலும் கழியும். நிலத்தில் இருந்தாலும் தரையைக் கப்பல் தளம் என்றே சொல்லப் பழக வேண்டும்.

எனினும் இங்கே செல்பவர்கள் மிகுந்த நேரம் ஒதுக்க வேண்டியது, இக்கட்டடத்தின் மேல்மாடியில் 1942 ஜனவரியில் தொடங்கிய போர்த்தந்திரப் பயிற்சிப் பிரிவைப் பற்றிய பகுதிக்குத்தான். காசநோயால் கடற்படையிலிருந்து விலக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியை மீண்டும் அழைத்து, ஜெர்மானிய நீர்மூழ்கிகள் எப்படித் தப்புகின்றன என்று கண்டறியப் பணித்தார்கள். தரையே கடலானது. காவல் கப்பல் அதிகாரிகள் துணித்திரைக்குப் பின்னால் நின்று, உண்மையான கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே சிறு துவாரம் வழியாகப் பார்க்க, ரென்கள் பொம்மைக் கப்பல்களை நகர்த்தி அவற்றின் தடங்களைச் சுண்ணக்கட்டியால் வரைந்தார்கள். நீர்மூழ்கியின் தடம் மட்டும் திரைக்குப் பின்னிருந்து கண்ணுக்குத் தெரியாதபடி பச்சை நிறத்தில் இருக்கும். பின்புறமாக வந்து தொடரணிக்குள்ளேயே நுழைந்து நீர்மூழ்கி தாக்குகிறது என்பது இந்த ஆட்டங்களில்தான் புலப்பட்டது. அதை முறியடிக்க உருவான உத்திக்கு 'ராஸ்ப்பெரி' என்று பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்ற ரென். நீர்மூழ்கிப் போரில் பழுத்த அனுபவமுள்ள தளபதி மேக்ஸ் ஹார்ட்டன் நீர்மூழ்கியாக விளையாடியபோது, அவரை ஐந்து முறையும் வீழ்த்தியவர் ஜேனட் ஓக்கெல் என்ற இளம் ரென். கடலில் போரிட அனுமதிக்கப்படாத இப்பெண்களிடம் பாடம் கேட்டுத்தான் சுமார் 5,000 அதிகாரிகள் கடலுக்குச் சென்றார்கள். இவர்களை 'உதவியாளர்கள்' என்று எழுதும் வழக்கத்தை இனியேனும் நாம் கைவிட வேண்டும்.

தொலைபேசிப் பிரிவையும் மற்ற அறைகளையும் விரைவாகவே பார்த்துவிடலாம். ஆனால் வெளியேறும் முன் வரைபடத்துக்குத் திரும்பிச் செல்லுங்கள். 1941 ஆகஸ்டில் லிவர்பூலிலிருந்து கிப்ரால்டருக்குப் புறப்பட்ட அகிலா கப்பலில், மறைகுறியீட்டுப் பணிக்கும் கம்பியில்லாத் தந்திப் பணிக்கும் பயிற்சி பெற்ற 21 ரென்கள் இருந்தனர். ஆகஸ்ட் 19 அன்று ஒரு நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. 21 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அச்செய்தி வந்த நேரத்தில் இந்த ஏணியில் நின்றிருந்த பெண் யாராக இருந்திருப்பார் என்று எண்ணியபடி நெடுநேரம் அங்கே நின்றேன்.