களைமருந்து தாங்கும் பருத்தியா, பில் போட்ட பிஜி-2வும் களைவெட்டுமா?

நான் இரண்டாவது பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மானாவாரியில் புரட்டாசி மழையை நம்பிப் பருத்தி போடுகிறவன். 'ரவுண்டப் விதை இருக்கு, எத்தனை பாக்கெட் வேணும்' என்று போனில் கேட்டவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காய்ப்புழுவைத் தாங்க மட்டும் மரபணு வைத்த வழக்கமான பிஜி-2 கலப்பினத்தையே கடையில் பில் போட்டு வாங்கினேன். ஏன் என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், சொல்லி மாளவில்லை, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ரவுண்டப் என்பது கிளைபோசேட் என்ற களைமருந்தின் கடைப் பெயர், அதை மேலேயே அடித்தாலும் சாகாத பருத்திதான் ரவுண்டப் விதை. கிளைபோசேட் எப்படிக் கொல்கிறது என்பது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். செடி தனக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ள ஒரு நொதி வேண்டும், இந்த மருந்து அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. களையா பயிரா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை, பச்சையாக எது இருந்தாலும் ஒரு வாரத்தில் குருத்து மஞ்சளாகி அடுத்த வாரத்தில் காய்ந்துவிடும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடம் இதே வேலையைச் செய்யும், ஆனால் மருந்துக்கு மாட்டாத நொதி இருந்தது. அதற்கான மரபணுவைப் பருத்திக்குள் வைத்ததுதான் இந்த விதை. அமெரிக்காவில் 1997-ல் வந்தது. நம் நாட்டில் மஹிகோ விதைக் கம்பெனி அனுமதிக்கு விண்ணப்பம் போட்டு, 2016-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. களைமருந்து தாங்கும் பருத்தி எதற்கும் இங்கே இதுவரை அனுமதி இல்லை. ஆனாலும் விதை ஊருக்குள் நடமாடுகிறது. மத்திய அரசு 2017-ல் அமைத்த குழு ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, குஜராத்தில் பருத்திப் பரப்பில் சுமார் 15% இதுதான் என்று கணக்குச் சொன்னது. 2019-ல் மகாராஷ்டிராவின் அகோலா மாவட்டத்தில் விவசாயிகள் ஒன்றுகூடி, வெளிப்படையாக அறிவித்துவிட்டே விதைத்தார்கள். அப்போதிருந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து வருடச் சிறை வரை போகலாம் என்று தெரிந்தே செய்தார்கள்.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐப்பசியில் விடாமல் மழை பிடித்தால் கரிசலில் கால் வைக்க முடியாது, ஆள் கிடைத்தாலும் இறக்க முடியாது. மழை விட்டுப் போய்ப் பார்த்தால் சாரணையும் தொய்யக்கீரையும் பருத்தியை மூடியிருக்கும். ஒரு ஏக்கர் களைவெட்ட எட்டுப் பத்து ஆள் வேண்டும், பெண் ஆள் கூலியே 300 ரூபாயைத் தாண்டிவிட்டது, அதுவும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் பருத்தி மேலேயே நாலு டேங்க் அடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. களைவெட்டுச் செலவை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் ரவுண்டப் விதைதான் ஜெயிக்கும், இதில் வாதமே வேண்டாம்.

விதை விலையில் பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை. பிஜி-2வுக்கு 2025-26ல் அரசு வைத்த உச்ச விலை 475 கிராம் பாக்கெட் 901 ரூபாய், கள்ள விதைக்கு விற்கிறவர் வாயில் வந்ததுதான் விலை. உடம்புக்குக் கெடுதலா என்ற கேள்விக்கும் என்னிடம் தீர்ப்பு இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் கிளைபோசேட்டை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' வரிசையில் வைத்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இன்னும் பத்து வருடத்துக்கு அனுமதியை நீட்டித்தது. எந்தக் களைமருந்தாக இருந்தாலும் கையுறை போடாமல் கலக்காதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்ல முடிந்தது.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது விதைச் சுத்தம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை.

சாதாரண விதையில் கலப்பு இருந்தால் என்ன ஆகும்? நூறு செடியில் பத்துச் செடி வேறு ரகமாக முளைக்கும். காய் கொஞ்சம் சிறுத்திருக்கும், நூல் தரம் குறையும், ஆனால் அந்தப் பத்துச் செடியும் ஏதோ ஒரு அளவு காய்க்கும். நஷ்டம் பங்கு பங்காகத்தான் வரும். களைமருந்து தாங்கும் விதையில் அப்படி இல்லை. மரபணு இல்லாத செடி மருந்துக்குக் களைதான். நீங்களே காசு கொடுத்து மருந்து வாங்கி, நீங்களே அடித்து, உங்கள் பருத்தியை நீங்களே கொன்றுவிடுவீர்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நாலடிக்கு இரண்டடி என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,400 செடி. பத்துக்கு ஒன்று கலப்பு என்றால் 540 குழி காலி. பாக்கெட்டுக்குள் இருப்பது முதல் தலைமுறை விதைதானா, போன வருடம் யாரோ காட்டில் எடுத்த பருத்தியை ஜின்னிங் போட்டுச் சாயம் பூசிய விதையா என்பது பார்த்தால் தெரியாது. இரண்டாவதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கலப்பினத்தில் அந்த மரபணு ஒரு பக்கப் பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு செடிக்கு அது இருக்காது. ஏக்கருக்கு 1,350 செடி மருந்தடித்த இரண்டாவது வாரத்தில் சருகு. புழுவைத் தாங்கும் பிடி மரபணுவும் அதே மாதிரி பிரிந்துபோயிருக்கும், அது காய்ப்புழு வரும்போதுதான் தெரியும்.

இதில் நேரக் கணக்கும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கிறது. பருத்தியில் போக்கிடம், அதாவது முளைக்காத குழியை, நிரப்ப வேண்டுமென்றால் விதைத்த பத்தாவது நாள் வாக்கில் நிரப்ப வேண்டும், விதைக்கிற அன்றே பாலித்தீன் பையில் கொஞ்சம் நாற்று போட்டுவைத்து அதை நடுவது அதற்காகத்தான். களைமருந்து அடிப்பதோ இருபது, இருபத்தைந்து நாளுக்கு மேல். அடித்த செடி செத்தது முழுசாகத் தெரியவே இன்னும் இரண்டு வாரம். நாற்பது நாள் பருத்திக்கு நடுவே விதை போட்டால் நிழலில் குச்சி குச்சியாக ஏறுமே தவிரக் காய்க்காது. முளைப்பு சரியில்லை என்றால் பத்து நாளில் கண்டுபிடித்துவிடலாம், இந்தக் குறை தெரிய வரும்போது அந்தப் பருவமே கைவிட்டுப் போயிருக்கும்.

எந்த வயது வரைக்கும் மேலே அடிக்கலாம் என்பதும் லேபிளில் இருக்க வேண்டிய விஷயம். அமெரிக்காவில் முதலில் வந்த ரகத்தில் நாலு இலைப் பருவத்தோடு நிறுத்திவிட வேண்டும், அதற்குப் பிறகு அடித்தால் இலைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சப்பை என்கிற பூமொட்டும் பிஞ்சும் கொட்டும். 2006-ல் வந்த அடுத்த ரகத்தில்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. உங்கள் கையில் இருக்கிற பாக்கெட்டில் எது என்று யாரைக் கேட்பீர்கள்? விற்றவர் 'எப்ப வேணா அடிங்கண்ணே' என்பார், அவருக்கும் தெரியாது. கலப்பினத்துக்குக் குறைந்தது 75% முளைப்பு, அடைத்த தேதி, லாட் எண் என்று அரசு கேட்கிற எதுவும் அந்தப் பையில் நம்பக்கூடியதாக இல்லை.

பில் இருந்தால் என்ன கிழிந்துவிடும் என்று கேட்கலாம். விதைக் கேசில் அலைந்து ஜெயிப்பது சுலபம் என்று நானும் சொல்லவில்லை. ஆனாலும் குறைபாடுள்ள விதைக்கு விவசாயி நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று நேஷனல் சீட்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பில்லும் காலிப் பையும் கொஞ்சம் மீதி விதையும் இருந்தால் வேளாண்மைத் துறை ஆளைக் காட்டுக்குக் கூட்டி வரலாம். கள்ள விதை போட்டவர் யாரைக் கூட்டி வருவார்? கூட்டி வந்தால் முதல் கேள்வியே அவரிடம்தான்.

இன்னொன்று. சட்டப்படி விற்கிற பிஜி-2 பாக்கெட்டில் காய்ப்புழு பிடிக்குப் பழகிவிடாமல் இருக்க வேண்டுமென்றே கொஞ்சம் பிடி இல்லாத விதையைக் கலந்தே தருகிறார்கள். நாளைக்கு அனுமதி கிடைத்து நல்ல கம்பெனி விதையே வந்தாலும், அந்தக் கலந்த விதைக்கும் களைமருந்து தாங்கும் குணம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் தெளிப்பிலேயே அது போய்விடும், கலந்ததே வீண். அனுமதி வந்தால் நான் முதலில் கேட்கப்போகிற கேள்வி இதுதான். ஆமாம், வந்தால் கேட்பேன், வாங்கவும் யோசிப்பேன். தொழில்நுட்பத்தோடு எனக்குச் சண்டை இல்லை, பெயரில்லாத பையோடுதான்.

நான் செய்கிற முறையில் மந்திரம் ஒன்றும் கிடையாது. விதைத்த மூன்று நாளுக்குள் ஈரம் இருக்கும்போது, களையை முளைக்கவிடாமல் தடுக்கும் பென்டிமெத்தலின் 30 இசி, ஏக்கருக்கு ஒண்ணேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல், விசிறி நாசில் போட்டுப் பின்னோக்கி நடந்துகொண்டே அடிப்பது. அடித்த இடத்தை மிதித்தால் அந்தத் தடத்தில் மட்டும் களை வரிசையாக முளைத்து நிற்கும், நீங்களே பார்க்கலாம். இது முதல் மாதத்தை ஓட்டிவிடும். அப்புறம் மண் பொலபொலப்பாக இருக்கிற நாளாகப் பார்த்து நாலடி இடைவெளியில் பவர் வீடர், செடிக்குச் செடி இடையே மட்டும் கொத்தில் ஆள். மழை பிடித்து வீடர் இறங்க முடியாத வருடத்தில் பைரிதியோபேக் சோடியமும் குயிசாலோபாப்பும் கலந்து வருகிற மருந்தைப் பருத்தி மேலேயே அடிக்கலாம், ஒன்று அகல இலைக் களைக்கு, மற்றது புல்லுக்கு. களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது பிடித்துவிட வேண்டும். முற்றிய சாரணைக்கு அடித்தால் கொஞ்சம் வாடிவிட்டு மறுபடி எழுந்துகொள்ளும், மருந்து மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உளுந்து ஊடுபயிர் போட்ட காட்டில் இதை அடிக்காதீர்கள், பென்டிமெத்தலினோடு நிறுத்திக்கொண்டு கொத்தை நம்புங்கள். ரவுண்டப் விதை போட்டவர்களுக்கு உளுந்து, வரப்பு ஓரத் தட்டைப்பயறு, பூச்சியை இழுக்கப் பொறிப்பயிராக நடுகிற ஆமணக்கு என்ற பேச்சே இல்லை, மேலே அடித்தால் பருத்தியைத் தவிர எல்லாம் போகும். களைவெட்ட வருகிறவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போகிற தொய்யக்கீரையும் போகும், அதற்குக் கணக்கில் விலை கிடையாது.

பக்கத்துக் காட்டுக்காரர் விஷயமும் இருக்கிறது. எங்கள் பக்கம் பருத்திக்கு அடுத்து மக்காச்சோளம். அதில் 2,4-டி என்ற களைமருந்து அடிக்கிற அன்று காற்று நம் பக்கம் திரும்பினால் போதும், பருத்தி இலை விரித்த கை போல விரல் விரலாக நீண்டு சுருங்கிப்போகும், அந்த மருந்து இருந்த டேங்க்கைச் சரியாகக் கழுவாமல் பூச்சிமருந்து அடித்தாலே இது வரும். அதனால் களைமருந்துக்கு எப்போதும் தனி டேங்க். பக்கத்துக் காட்டில் ரவுண்டப் பருத்தி வந்தால் இதே தொல்லை கிளைபோசேட்டில் வரும், அவர் பருத்தி நிற்கும், நம் ஓரச் சால் மஞ்சளாகும். வேலி ஓரம் இரண்டு பேர் அதைப் போட்டால் நடுவில் இருப்பவரும் போட்டாக வேண்டும் என்ற நிலைமை இப்படித்தான் உருவாகிறது.

களையே பழகிக்கொள்ளாதா என்றால், பழகிக்கொண்டதே. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பருத்திக் காடுகளில் நம் முள்ளுக்கீரைக்கு உறவான ஒரு கீரைக்களை 2005 வாக்கில் கிளைபோசேட்டுக்கு அசையாமல் நின்றது. ஒரு செடியே லட்சக்கணக்கில் விதை கொட்டும் ரகம் அது. கடைசியில் அங்கேயும் கூலி கொடுத்து ஆள் இறக்கிக் கையால் களை எடுத்தார்கள். பிறகு டைகாம்பா என்ற இன்னொரு களைமருந்தைத் தாங்கும் பருத்தி வந்தது, அந்த மருந்து காற்றில் பரவிப் பக்கத்துத் தோட்டங்களைப் பதம் பார்த்ததில் அது நீதிமன்றம் வரை போய், 2020-லும் 2024-லும் அனுமதி ரத்தானது. நம் ஊரில் கானாவாழை ஏற்கெனவே கிளைபோசேட்டுக்குச் சரியாகச் சாவதில்லை. மற்றதெல்லாம் செத்த காட்டில் அது மட்டும் பரவ எத்தனை வருடம் ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பரவும்.

மரபணுவை வெளியிலிருந்து வைக்காமலே இந்தக் குணத்தைக் கொண்டுவரலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நாகினா 22 நெல்லிலிருந்து திடீர்மாற்றம் மூலம் இமாசெதபைர் என்ற களைமருந்தைத் தாங்கும் ஒரு வகையை எடுத்தார்கள். அதை வைத்துத்தான் டெல்லிப் பூசா நிறுவனம் பூசா பாஸ்மதி 1979, 1985 என்ற இரண்டு ரகங்களை 2021-ல் வெளியிட்டது. அது நேரடி விதைப்பு நெல்லுக்கானது, நான் போட்டதில்லை, போட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். வயலில் களையாக வரும் களைநெல்லோடு மகரந்தம் கலந்தால் அதுவும் தாங்க ஆரம்பித்துவிடும் என்ற பயம் அங்கே உண்டு, அமெரிக்காவில் அப்படி நடந்தும் இருக்கிறது.

நான் சொன்னதெல்லாம் மானாவாரிக் கரிசலுக்கு. சேலம் பக்கம் இறவையில் போடுகிறவர்களுக்கு நீர் கட்டும்போதெல்லாம் களை முளைத்துக்கொண்டே இருக்கும், என் செலவுக் கணக்கு அங்கே பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகம்தான். கோரை நிறைந்த காடாக இருந்தாலும் என் முறை தடுமாறும், பென்டிமெத்தலின் கோரையை ஒன்றும் செய்யாது, வீடர் ஓட்டினால் கிழங்கு துண்டாகி இன்னும் பெருகும். அந்த மாதிரிக் காட்டுக்குச் சித்திரையில் ஆழக் கோடை உழவு போட்டுக் கிழங்கைப் புரட்டி வெயிலில் காயவிட்டு, முடிந்தால் அந்த வருடம் பருத்திக்குப் பதில் மக்காச்சோளம் போடுங்கள், கோரைக்குப் பயிர் மேலேயே அடிக்க அதில் மருந்து உண்டு.