சபதத்துக்கு முன்னால் வாங்க வேண்டிய 450 ரூபாய் தராசு

எடை குறைப்புச் சபதத்தை ஜனவரி 1-ஆம் தேதி எடுக்க நம் ஊர்க் காலண்டர் சுத்தமாக ஒத்துழைக்காது. அந்தத் தேதி மார்கழி நடுவில் வந்து விழும். விடிந்தால் கோயில் தொன்னையில் நெய் மினுங்கும் வெண்பொங்கல். இரண்டு வாரம் போனால் சர்க்கரைப் பொங்கல், கரும்பு, கனுவுக்குச் சித்ரான்னம். இதெல்லாம் வரும் என்று தெரிந்துதான் கார்த்திகையிலேயே ஆயத்தத்தைத் தொடங்கினேன். ஜிம்முக்குப் பணம் கட்டவில்லை, பவுடர் டப்பா வாங்கவில்லை. திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக்கடையில் 450 ரூபாய் கொடுத்துச் சமையலறை எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கினேன்.

எனக்கு 47 வயது. ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.1. அதாவது 5.7-க்கும் 6.4-க்கும் நடுவே, சர்க்கரை வாசலில் நிற்கிற நிலை. ஐந்தாறு கிலோ குறைத்தால் நல்லது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டில் நாலு பேர். சமையல் என் கையில், எண்ணெய்க் கிண்ணம் மட்டும் எல்லார் கையிலும்.

தராசு வெள்ளை பிளாஸ்டிக். 5 கிலோ வரை தாங்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும். ரிமோட்டுக்குப் போடுகிற மாதிரி ரெண்டு சின்ன பேட்டரி. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பெட்டியில் ஒரு பெயர், தராசில் இன்னொரு பெயர். இந்த விலையில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஜாடைதான்.

கடையிலேயே சோதித்துத்தான் வாங்கினேன். அதற்கு எடைக்கல் தேவையில்லை, பர்ஸில் சில்லறை இருந்தால் போதும். 2018 வரை ஆண்டு போட்ட, பித்தளை நிறத்து ஐந்து ரூபாய்க் காசு ஒன்று 6 கிராம் (அதற்குப் பிறகு வந்த புதுக் காசு எடை கூடுதல்). பத்துக் காசு அடுக்கினால் 60 காட்ட வேண்டும். முதலில் எடுத்துக் கொடுத்த தராசு 57 காட்டியது, இரண்டாவது 60. நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் அதே 60 நின்றது, பில் போடச் சொன்னேன். ஆன்லைனில் நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கும்தான். ஆனால் காசு அடுக்கிப் பார்க்க விடமாட்டார்கள்.

இனி இதை வைத்து என்ன செய்தேன் என்பது. டிசம்பர் முழுக்க சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை. வழக்கம்போலச் சமைத்து, வழக்கம்போலச் சாப்பிட்டு, நிறுத்து நிறுத்து ஃபிரிட்ஜ் மேலிருந்த பழைய டைரியில் எழுதினேன். எதைக் குறைப்பது என்று தெரியாமல் எதையோ குறைத்து, பொங்கலோடு அதையும் விட்டுவிடுகிற கதையை அக்கம்பக்கத்தில் நிறையப் பார்த்தாயிற்று. முதலில் வரவு செலவு தெரியட்டும்.

அத்தைக்கு இது பிடிக்கவே இல்லை. "ஏம்மா, தங்கமா நிறுக்கிற? சோத்தைப் போய் யாராவது நிறுப்பாங்களா, திருஷ்டி பட்டுடும்" என்றார். "சோத்தை இல்ல அத்தை, எண்ணெயைத்தான்" என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கு அது பாதிதான் உண்மை.

எண்ணெயை நிறுக்க இந்தத் தராசில் ஒரு அருமையான வழி இருக்கிறது. எண்ணெய்ப் பாட்டிலைத் தராசின் மேல் வைத்து 'டேர்' பட்டனை அழுத்தினால் பூஜ்யமாகிவிடும். பாட்டிலை எடுத்து வாணலியில் ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தால் மைனஸ் 18 என்று காட்டும். ஊற்றியது 18 கிராம். தனிக் கிண்ணம் வேண்டாம், கழுவுகிற வேலையும் இல்லை. இந்த ஒரு வசதிக்கே 450 ரூபாய் தகும்.

இப்படித்தான் தெரிந்தது, எங்கள் வீட்டில் எண்ணெய் போவது பொரியலில் இல்லை, தோசைக்கல்லில். ஒரு கரண்டி மாவு 80 கிராம். சுற்றிலும் விடுகிற எண்ணெய் எனக்கு 5 கிராம், பையனின் முறுகலுக்கு 9. அவன் நாலு தோசை சாப்பிடுவான். அதற்கு மேல் மிளகாய்ப்பொடிக்குக் குழித்து ஊற்றுகிற நல்லெண்ணெய் இருக்கிறதே, என் வீட்டுக்காரர் ஒரு வேளைக்கு ஊற்றியது 22 கிராம். எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி. செக்கு எண்ணெய் என்று சலுகை கிடையாது. ஆக, இட்லியைத் தொட்டுக்கொள்ள மட்டும் 198 கலோரி. எங்கள் வீட்டு இட்லி ஒன்று 50 கிராம், 65 கலோரி வைத்துக்கொள்ளலாம். மூன்று இட்லியும் தொட்டுக்கொள்ளும் எண்ணெயும் சரிக்குச் சரி. இதைக் காட்டியதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

மெதுவடையையும் விடவில்லை. பொரிப்பதற்கு முன் வாணலியோடு எண்ணெயை நிறுத்து, பொரித்து, நன்றாக ஆறினபிறகு மறுபடி நிறுத்தேன். ஆறினபிறகு என்பதைக் கவனியுங்கள். சூட்டோடு வைத்தால் மேல் தட்டு இளகிவிடும். பன்னிரண்டு வடைக்கு 84 கிராம் குறைந்திருந்தது, வடைக்கு 7 கிராம். எண்ணெயில் உதிர்ந்த தூளை எல்லாம் சேர்த்தால் ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே இருக்கும். நான் பயந்த அளவுக்கு இல்லை. வடை பிழைத்தது.

மொத்தக் கணக்கு இதுதான். நாலு பேருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 160 கிராம் எண்ணெய், ஆளுக்கு 40. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி சாப்பாட்டுக்கு ஒரு மாதிரித் தட்டு போட்டுக் காட்டியிருக்கிறது. அதில் எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம், அரிசி கோதுமை போன்ற தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறி 400 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. என் தட்டில் காய்கறி எவ்வளவு என்று நிறுத்ததில் 170-ஐத் தாண்டிய நாள் அபூர்வம். சாம்பாரில் மிதக்கிற ரெண்டு முருங்கைக்காயைக் காய்கறிக் கணக்கில் எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அரிசிதான் ஆச்சரியம், இட்லி மாவில் போவதையும் சேர்த்து 290 கிராம் அளவில் நின்றது. சோற்றை அடியோடு விட்டுவிட்டுச் சப்பாத்திக்குப் போ என்று அலுவலகத்தில் ஆளாளுக்குச் சொல்வார்கள். கணக்கோ வேறு இடத்தைக் காட்டுகிறது. 40 கிராம் அரிசியும் 13 கிராம் எண்ணெயும் குறைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 250 கலோரி குறையும். ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7,700 கலோரி. காகிதக் கணக்கில் மாதத்துக்கு ஒரு கிலோ. உடம்பு காகிதம் இல்லைதான், ஆனாலும் இதற்குப் பட்டினி தேவையில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும். மைனஸ் முறையில் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்த் தாளித்து, கடுகு வெடித்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுவிட்டு வந்தால் திரை வெறுமையாக இருக்கும். அத்தனையும் வீண். இதற்காகவே அடுப்புக்குப் பக்கத்திலேயே தராசை வைக்க வேண்டியிருக்கிறது. அகலமான தட்டை வைத்தால் எண் தெரியாது, குனிந்து தட்டுக்கு அடியில் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் தட்டை வைத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. காலிக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் தராசு அசையவே அசையாது. கால் கரண்டி போன பிறகும் பூஜ்யம். தராசு கெட்டுப்போகவில்லை. மலிவுத் தராசுகள் மெல்ல ஏறும் சின்ன எடையைத் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டு, தாமாகவே பூஜ்யத்துக்கு இழுத்துக்கொள்ளும். மொத்தமாக ஊற்றினால் சரியாகக் காட்டும். பெருங்காயம், மஞ்சள்தூள் இதிலெல்லாம் நிறுக்கவே பார்க்காதீர்கள்.

அப்புறம் அந்த 'மில்லி' பட்டன். அதை நம்ப வேண்டாம். தண்ணீருக்கு ஒரு மில்லி ஒரு கிராம் என்ற கணக்கை எல்லாவற்றுக்கும் போடுகிறது. எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டருக்குப் பக்கத்தில் 910 கிராம் என்று அச்சடித்திருக்கும். கைதவறி அந்தப் பட்டன் பட்டால் அவுன்ஸுக்கும் தாவிவிடும். ஒரு நாள் பையன் மாற்றி வைத்துவிட்டுப் போக, தோசை மாவு 2.8 என்று காட்டியது.

கால் வைத்து ஏறி நிற்கிற எடை மெஷினைத்தானே முதலில் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் அதுவும் இருக்கிறது, போனோடு இணைந்து கொழுப்பு சதவீதம் எல்லாம் சொல்கிற வகை. உள்ளங்கால் வழியாக மெல்லிய மின்சாரத்தை விட்டு ஊகிக்கிற எண் அது. தண்ணீர் குடித்தால் ஒன்று, நடந்துவிட்டு வந்தால் ஒன்று. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது. உடம்பு எடையே காலைக்கும் ராத்திரிக்கும் ஒரு கிலோ மாறும். வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில், மிதியடி மேல் இல்லாமல் வெறும் தரையில் வைத்துப் பார்த்தால் போதும். அதைவிட உண்மை பேசுவது தையல்காரர் டேப். இடுப்புச் சுற்று பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியர்களுக்கு வைத்திருக்கிற அளவு. இவை இரண்டும் ஆன கதையைச் சொல்லும், சமையலறைத் தராசு ஆகப்போவதைச் சொல்லும்.

இந்தத் தராசை வருஷம் முழுக்க உபயோகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டிலிருக்கிற கரண்டிகளை நிறுத்துத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. எங்கள் குழிக்கரண்டி தளும்பத் தளும்ப 12 கிராம் எண்ணெய், அரிசி டம்ளர் தலைதட்டி 140 கிராம். இப்போது தினமும் காலையில் நாலு பேருக்கான 108 கிராம் எண்ணெய், ஒன்பது கரண்டி, தனிச் சின்னப் பாட்டிலுக்குப் போய்விடும். அது தீர்ந்தால் அன்றைக்குத் தீர்ந்தது. மாட்டுப்பொங்கல் வரை மூன்று நாளைக்கு மட்டும் இதற்கு விடுமுறை, அதையும் டைரியில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன். சர்க்கரைப் பொங்கலை நிறுத்துச் சாப்பிடுகிற துணிச்சல் எனக்கு இல்லை, அத்தை இருக்கிற வீட்டில் நடக்கவும் நடக்காது.

தனியாக மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களுக்கு இது உதவாது, காசு வீண். எதைப் பார்த்தாலும் கலோரியாகத் தெரிந்து கவலைப்படும் சுபாவம் உள்ளவர்களும் வாங்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், தராசு சொல்கிறதே என்று அரிசியைத் தாங்களாகக் குறைக்காமல் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குறைக்க வேண்டும். மற்றபடி குடும்பத்துக்குச் சமைக்கிறவர் யாராக இருந்தாலும் வாங்கலாம். வாங்கும்போது 5 கிலோவுக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள், குக்கரோடு வைத்தால் தாங்காது. எண்ணுக்குப் பின்னால் வெளிச்சம் வருகிற திரையாகப் பாருங்கள். அந்தப் பழைய ஐந்து ரூபாய்க் காசில் பத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.