பழைய பென்ஸுக்குச் சுவிட்ச்: புதிய அசல், நகல், பழையது, அல்லது கழற்றித் துடைப்பது

பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்த 1984-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 280 எஸ்ஈ, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர்ப் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கு இன்றும் மணப்பெண்ணை ஏற்றிச் செல்கிறது. புரட்டாசி கழிந்து முகூர்த்தங்கள் தொடங்கும்போதே டர்பனில் புழுக்கமும் ஏறிவிடும். சென்ற ஆண்டு அந்த நேரத்தில் முன்கதவுகளின் மின் கண்ணாடிகளில் ஒன்று பாதியில் நின்றது. அபாய விளக்குச் சுவிட்சும் தகராறு செய்தது. எஞ்சின் பாகங்களைவிட இந்தச் சின்னஞ்சிறு சுவிட்சுகளே என் வண்டி சேர்ந்த டபிள்யூ 126 வரிசையின் உரிமையாளர்களை அதிகம் அலைக்கழிக்கின்றன என்பதால், நான் சோதித்துப் பார்த்த வழிகளை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதல் வழி, புதிய அசல் பாகம். பொருத்தம் பற்றிக் கவலையே இல்லை. பத்து இலக்கப் பாக எண்ணைச் சொன்னால் போதும். ஆனால் உள்ளூரில் இருப்பு இல்லாத பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அங்கேதான் கணக்கு மாறுகிறது. தென்னாப்பிரிக்காவில் இறக்குமதிப் பொருளுக்கு மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வரியைக் கணக்கிடுவதற்கு முன் பொருளின் மதிப்போடு 10 சதவீதம் கூட்டிக்கொள்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1000 ரான்ட் பொருளுக்கு 1100 ரான்ட் என்று வைத்து, அதன் மேல் 165 ரான்ட் வரி வரும். சுங்கத் தீர்வை இருந்தால் அதுவும், கூரியர் கட்டணமும் தனி. ஒரே ஒரு சுவிட்சுக்காக இதைச் செய்வது வீண் செலவு. நான்கைந்து பாகங்களைச் சேர்த்து ஒரே பொதியாக வரவழைப்பவருக்கே இது கட்டுப்படியாகும்.

இரண்டாவது, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நகல்கள். நான் வாங்கிய இரண்டு நகல்களைத் திறந்து பார்த்தேன். வெளித்தோற்றம் குறை சொல்ல முடியாதது. உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் தகடோ அசலில் இருப்பதைவிட மெலிதாக இருந்தது. கண்ணாடி மோட்டாருக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இந்தச் சுவிட்ச் வழியாகவே பாய்கிறது என்பதால், அந்த மெலிவு சிறிய குறை அல்ல. சுவிட்சுக்குள் உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் தொடுமுனையில் ஒரு வோல்ட் இழப்பு ஏற்பட்டு, அதன் வழியே பத்து ஆம்பியர் ஓடினால், பத்து வாட் வெப்பம் நெல்மணி அளவு உலோகத்தில் தங்கும். அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் இளகாமல் என்ன செய்யும்? குறைந்த மின்சாரம் ஓடும் இடத்துக்கு நகல் போதும். கண்ணாடிக்கும் முகப்பு விளக்குக்கும் அதை நான் பொருத்தமாட்டேன்.

மூன்றாவது வழியில் இந்த நாட்டுக்காரருக்கு ஓர் அனுகூலம் உண்டு. இந்த வரிசை வண்டிகள் இங்குள்ள ஈஸ்ட் லண்டன் நகர ஆலையிலும் கட்டப்பட்டவை. 1990-இல் அங்குள்ள தொழிலாளர்கள் நெல்சன் மண்டேலாவுக்காக உருவாக்கிக் கொடுத்த சிவப்பு 500 எஸ்ஈ இதே வரிசையைச் சேர்ந்தது. ஆகவே பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஸ்கிராப் யார்டுகளில் அசல் சுவிட்சுகள் இன்னும் அகப்படுகின்றன. முகத்தைப் பார்த்து வாங்கக் கூடாது: ஒரே மாதிரி தெரியும் இரண்டு சுவிட்சுகளின் பின்பக்க ஊசிகளின் எண்ணிக்கை வேறுபடலாம். பாக எண்ணை ஒப்பிட வேண்டும், ஊசிகளில் வெப்பத்தால் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடற்கரையை ஒட்டி ஓடிய வண்டியைவிட, உள்நாட்டின் வறண்ட காற்றில் நின்ற வண்டியின் சுவிட்ச் நல்லது. எங்கள் உப்புக்காற்று செப்பில் களிம்பு ஏற்றிவிடுகிறது.

இவை மூன்றுக்கும் முன் செய்ய வேண்டியது நான்காவது: இருப்பதைக் கழற்றித் துடைப்பது. செத்துவிட்டதாக ஒதுக்கப்படும் சுவிட்சுகளில் பல செத்தவை அல்ல. பழைய கிரீஸ் இறுகி, தீப்பொறியால் கரி படிந்தவை. இடவலக் கண்ணாடிகளின் ஒரே எண்ணுள்ள இரு சுவிட்சுகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது சுவிட்சோடு இடம் மாறினால் குற்றவாளி அதுதான், மாறாவிட்டால் மோட்டாரையோ கம்பியையோ பார்க்க வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமானால், கண்ணாடி ஏறும்போது சுவிட்சின் உள்வரும் ஊசிக்கும் வெளிச்செல்லும் ஊசிக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தொடுமுனை அழுக்காக இருக்கிறது.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, சுவிட்சை ஒரு நிறமற்ற பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் திறப்பது நல்லது. உள்ளிருக்கும் சுருள்வில் துள்ளி ஓடிவிட்டால் வண்டிக்கடியில் தேட வேண்டியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பழைய கிரீஸை நீக்கி, கரியைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தால் போதும். முரட்டு உப்புத்தாள் மேலிருக்கும் வெள்ளிப் பூச்சையும் எடுத்துவிடும். முன்கதவுக் கண்ணாடிச் சுவிட்சை இப்படித்தான் மீட்டேன்.

ஆனால் துடைத்ததோடு விட்டிருந்தால் ஆறு மாதத்தில் மறுபடி கரிந்திருக்கும். கதவுக்குள் கண்ணாடி ஓடும் தடத்தில் கிரீஸ் காய்ந்து, மோட்டார் திணறிக்கொண்டிருந்தது. திணறும் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது, அதை முதலில் தாங்குவது சுவிட்ச்தான். தடத்தைத் துடைத்துப் புதிய கிரீஸ் இட்ட பிறகே நிம்மதி. மோட்டாருக்கு ஐந்து ஊசி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சாதனம்) இரண்டைப் பொருத்தி, பெரிய மின்சாரத்தை அவற்றின் வழியே திருப்பிவிடுவது இன்னும் பாதுகாப்பானது. அப்போது சுவிட்சுக்கு ரிலேயை இயக்கும் சிறு மின்சாரமே போதும். எனினும் அசல் கம்பியமைப்பை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

அபாய விளக்குச் சுவிட்ச் தனிக் கதை. திருப்ப விளக்குகளின் மின்சாரமும் இதன் வழியே செல்வதால், இது அழுக்கானால் இண்டிகேட்டர்கள் எரியாமல் போகும். பலரும் விளக்குகளைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷர் ரிலேயை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள். சுவிட்சைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி எடுத்ததும் விளக்குகள் திரும்பினால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். என்னுடையது துடைத்தும் சரியாகவில்லை. ஸ்கிராப் யார்டில் கிடைத்த அசலை மாற்றினேன், இன்றுவரை பழுதில்லை.

கதவில் இருக்கையின் வடிவத்திலேயே அமைந்திருக்கும் இருக்கைச் சுவிட்ச் மட்டும் பாக்கி. அதன் உள்ளமைப்பு நுட்பமானது, பழையவற்றில் பிடிகள் உடைந்தே கிடைக்கின்றன. அதைப் புதிய அசலாகவே வரவழைக்க இருக்கிறேன். கதவு ரப்பர்களும் அதே பொதியில் வரும்.